ஹெட்விக்கின் உதை

“தண்ணியத் துவைக்காதீங்கய்யா, அது ஏற்கெனவே சுத்தமாத்தான் இருக்கு!”

மூன்றாம் தடத்தில் புதிதாக இறங்கிய ஆசாமி தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் ஹெட்விக் அவரைக் கடந்து போய்விட்டாள். அவள் போன வழியில் நுரை இல்லை, சத்தமும் இல்லை. ஐம்பத்தேழு வயது, தடித்த தோள், சாயம் போன பச்சைத் தொப்பி. வெஸ்ப்ரேம் நகரத்து நீச்சல் குளத்துக்குக் காலை ஆறரைக்கு வரும் ஆறு பேரில் அவள்தான் சோம்பேறித்தனமாக நீந்துவது போலத் தெரியும். எதிர்ச் சுவரை முதலில் தொடுவதும் அவள்தான்.

பிழைப்பு தையல். பேருந்து நிலையத்தை ஒட்டிய சின்னக் கடையில் ஜிப் மாற்றுவாள், கால்சட்டைக்கு ஓரம் அடிப்பாள். ஊரில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்கு மனப்பாடம். அதை ரகசியமாக வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் கிடையாது. “நம்ம பல் டாக்டர் போன வருஷத்துக்கு இந்த வருஷம் நாலு விரக்கடை ஏறிட்டாரு. பேசுற பேச்செல்லாம் அங்கதான் போய்த் தங்குது போல.” பல் டாக்டர் பெர்த்தலானும் அதே தடத்தில்தான் நீந்துகிறார். அவர் காதில் விழும் என்று தெரிந்த பிறகுதான் இதைச் சொல்வாள்.

உதைப்பதைப் பற்றி யார் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில். “கைதான்யா கதை சொல்லுது. காலு ‘உம்’ கொட்டினாப் போதும்.” வலது கை தண்ணீருக்குள் நுழையும்போது இடது பாதம் ஒரு தட்டுத் தட்டும், இடது கைக்கு வலது பாதம். அந்தத் தட்டில் இடுப்பு திரும்பிக்கொள்ளும். அவ்வளவுதான் அவள் உதை. முழங்காலை மடக்கி மிதிவண்டி ஓட்டுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. “தொடை பெருஞ்சதை, அதுக்குப் பசியும் பெருசு. நூறு மீட்டருக்குத் தீனி போடலாம். அஞ்சு கிலோமீட்டருக்கும் போட்டா மூச்சுக்கு எங்க போவீங்க?” அஞ்சு கிலோமீட்டர் என்றால் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை; பாலட்டன் ஏரிதான். ஜூலையில் ரெவ்ஃபூலப் கரையில் இறங்கி ஆயிரக்கணக்கான பேர் போக்லார் கரைக்கு நீந்துவார்கள். ஹெட்விக் பதினெட்டு முறை கடந்தவள்.

பிப்ரவரியில் அவளுடைய இடது கால் உதைப்பதை நிறுத்தியது. கண்டுபிடித்தவர் டாக்டர். வாய்க்குள் இருட்டைத் துழாவியே காலத்தை ஓட்டிய மனிதர், தண்ணீருக்கடியில் எதையும் தவறவிட மாட்டார். “ஒத்தை உதை!” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு கூவினார். “பாத்தீங்களா? ரெண்டா இருந்ததையும் ஒண்ணாக்கிட்டா! இடது காலு சும்மா மிதக்குது. பாதி மூச்சு மிச்சம்!”

குறைவாக உதைக்கிறவன்தான் கெட்டிக்காரன் என்று நம்புகிற கூட்டம் அது. இதையும் நம்பிவிட்டது. ஒரே மாதத்தில் தடம் முழுவதும் இடது காலைக் கட்டை போல் வைத்துக்கொண்டு கோணலாக நீந்த ஆரம்பித்தார்கள். செருப்புக் கடை வைத்திருக்கும் ஒத்தோதான் மற்றவர்களைவிட அதிகம் ஆடினான். கடையில் கிடந்த ரப்பரைப் பட்டை பட்டையாக வெட்டி வந்து ஆளுக்கொன்று கொடுத்தான். இடது தொடையில் இறுக்கிக் கட்டிக்கொண்டால் அந்தக் கால் உதைக்கக் கூடாது என்பது மறக்காதாம்.

ஹெட்விக் ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். “வேணாம்யா, விட்டுருங்க. நல்லா இல்ல.”

“தொழில் ரகசியம் வெளியே போகுதேன்னு வயித்தெரிச்சல்,” என்றார் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மே மாதம் அவள் தன் பழுப்பு ஷூக்களைப் பழுதுபார்க்க ஒத்தோவிடம் கொண்டுவந்தாள். வலது ஷூவில் குதிகால் தேய்ந்திருந்தது, எல்லோருக்கும் தேய்வது போல. இடதில் குதிகால் புதுசு போல இருந்தது. முனை மட்டும் தையல் நூல் தெரியும் அளவுக்கு அரைந்து போயிருந்தது. முப்பத்தைந்து வருஷமாக அடுத்தவர் ஷூவைத் திருப்பிப் பார்க்கிறவன் அவன். தூக்க முடியாமல் தரையோடு இழுபடும் காலுக்குத்தான் முனை இப்படித் தேயும்.

“என்ன ஹெட்விக் இது?”

“கல்லு தடுக்கிச்சு.”

“தினமுமா?”

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “புடாபெஸ்ட்ல பாத்துட்டாங்க. நரம்பு. மருந்து கிடையாதாம். இடது போயிடுச்சு. வலது இன்னும் என்னோடதுதான். எத்தனை நாளைக்குன்னு அவங்களுக்கே தெரியல.”

ஒத்தோவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ரப்பர்ப் பட்டைகளை நினைத்தபோது உடம்பு கூசியது. “சொல்லித் தொலைச்சிருக்கலாமே! நாங்க பாட்டுக்கு உன் காலப் பாத்துக் கூத்தடிச்சிட்டிருக்கோம்.”

“சொன்னா? அஞ்சு பேரும் தலையச் சாச்சுக்கிட்டு, குரலத் தாழ்த்திப் பேசுவீங்க. இப்பப் பாரு, செத்த காலப் பாத்து அஞ்சு பேரு பாடம் படிக்கிறீங்க. பாக்கச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சிருக்குய்யா.”

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இந்த ஜூலையில் ஒரு தடவை ஏரியைக் கடந்து, பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பழைய ஹெட்விக்காகவே கரையேற வேண்டும். அதன்பின் அவளே எல்லோரிடமும் சொல்லிவிடுவாளாம். நீந்துவதில் அவளுக்குப் பயமில்லை. போக்லார் பக்கம் ஆழமே கிடையாது. கடைசியில் முழங்கால் தண்ணீரில் எல்லோரும் எழுந்து நடந்துதான் கரை சேர்வார்கள். “அங்கதான் மாட்டிக்குவேன். நீ என் பக்கத்துலயே வா. உன் கையப் பிடிச்சிக்கிட்டு, வலது கால ஊணி ஊணி வந்துடுவேன். சனங்க என்னத்தையாவது நெனைச்சிக்கட்டும். உனக்குத்தான் பொண்டாட்டி இல்லையே.”

ஒத்தோ ஷூ முனையில் கெட்டித் தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுநாளும் பட்டையைக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்கினான். அவ்வளவு கேவலமாக அவன் தன்னை என்றைக்கும் உணர்ந்ததில்லை.

ஜூலையில் ரெவ்ஃபூலப் கரைக் கூடாரத்தில் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்து அட்டையில் முத்திரை குத்தினார்கள். காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஒத்தோவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவன் பக்கத்திலேயே நீந்தினான். மூச்சுக்குத் தலை திருப்பும்போதெல்லாம் அவள் பாதங்களைப் பார்த்துக்கொண்டான். மூன்று கிலோமீட்டர் வரை வலது பாதம் தவறாமல் தட்டியது. நாலாவதில் இரண்டு தட்டுக்கு ஒன்று விட்டுப்போனது. அலையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனபின் அதைச் சொல்லிக்கொள்ளவும் துணிவு வரவில்லை.

போக்லார் தெரிந்தது. கரையில் எண்ணெயில் பொரித்த மாவு ரொட்டியும் பீருமாகச் சனம் நின்று கைதட்டியது. முன்னால் போன டாக்டர் எழுந்து நின்றுகொண்டு, “எழுந்திரும்மா, முழங்கால் தண்ணிதான்!” என்று கத்தினார். ஒத்தோ எழுந்து கையை நீட்டினான். ஹெட்விக் எழவில்லை. உள்ளங்கைகள் மணலில் இடிக்க இடிக்கக் கையை வீசிப் போய்க்கொண்டேயிருந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு கால்களும் ஒட்டி மிதந்து வந்தன.

“கடைசி அடி வரைக்கும் நீச்சல்! பாத்துக் கத்துக்கங்கடா!” என்று டாக்டர் கரையைப் பார்த்துக் கூவிவிட்டு, தானும் தொப்பென்று குப்புற விழுந்து அவளைப் போலவே மணலை வாரினார். கரையில் சிரிப்பும் கைதட்டலும் அதிகமாயின.

ஹெட்விக் நிறுத்தினாள். புரண்டு, தண்ணீர் இடுப்பைத் தொட உட்கார்ந்தாள். ஒத்தோவின் கை முன்னாலேயே நீண்டிருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை.

“நல்லாப் பாத்துக்கங்க, டாக்டர்,” என்றாள்.

இரண்டு கைகளாலும் இடது முழங்காலைப் பற்றித் தூக்கிக் கரைப்பக்கமாக வைத்தாள். பிறகு வலது முழங்காலையும் அதேபோல் தூக்கி, அதன் பக்கத்தில் வைத்தாள்.