கை வைக்காத சந்தனம்

திருத்தணி பைபாஸ் ஓரம் பட்டறை வைத்திருக்கும் பெயிண்டர் பென்சனுக்கு, வேலை கையிலிருந்தால் இருப்புக் கொள்ளாது. சோற்றைக்கூட நின்றுகொண்டே தின்பான்.

ஜெகநாதனின் பழைய காருக்குப் புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் கதவுப் பட்டையை டேஷ்போர்டின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். மலைக்கோயில் பூசைகளில் வருசா வருசம் பூசிய சந்தனம் டேஷ்போர்டில் மெழுகியதுபோல் படிந்திருந்தது. அடுத்தவர் சாமி சமாச்சாரம், சர்ச்சுக்குப் போகிற தான் துடைப்பது முறையல்ல என்று பென்சன் அதில் விரல்கூட வைக்கவில்லை. பெயிண்டில் மஞ்சளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தான். அடித்தான், தேய்த்தான், மறுபடி அடித்தான். வெயிலுக்கும் நிழலுக்குமாக ஓடிப் பார்த்தான். கடைசியில் பட்டையும் டேஷ்போர்டும் ஒன்றாயின.

ஜெகநாதன் வந்தார். "ஒரே கலரா கீதே பென்சன்!" என்றவர், ஈரத்துணியால் டேஷ்போர்டை அழுத்தித் துடைத்தார். "எத்தினி வருசத்து அழுக்கு! இத்த நீயே தொடச்சிருக்கலாமேப்பா."

துணி போன வழியெல்லாம் சாம்பல் நிறம் எழுந்தது.

பென்சன் பட்டையைத் தேய்க்க மறுபடி உப்புத்தாளை எடுத்தான்.