நூம்பல் சருகுக்காகக் கத்தியவர்

வெள்ளிக்கிழமை காலை பால் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, நூம்பலிலிருந்து வந்த கறவைக்காரர், “சவரிமுத்து அண்ணாத்தே பூட்டாரு” என்றார். எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. சருகு வாரும் மாசி மாதத்தில் போகிற நேரமா இது?

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூந்தமல்லியில் தலைச்சுமையாகப் பால் விற்று முன்னுக்கு வந்தவன் நான். துரைமார் குதிரை லாயத்து வேலையை விட்டுவந்த சவரிமுத்து அவர்கள் என்னோடு கூட்டுச் சேர்ந்தார். மாடுகள் அவர் பொறுப்பு. நசரத்பேட்டை மிராசுதாரரின் நூம்பல் மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தோம்.

அங்கே கோடைக்கு முன் காய்ந்த புல்லையும் சருகையும் மிராசுதாரர் வாரிச் செங்கல் சூளைக்குக் கொடுப்பது வழக்கம்; அந்த உரிமை எங்கள் குத்தகையில் சேராது. முதல் ஆண்டே சவரிமுத்து குறுக்கே நின்றார். “தரைய அம்மணமா வுட்டா ஈரம் எப்படி நிக்கும்? வேரு வெந்துபூடும்!”

“இன்னா அண்ணாத்தே, புல்லுக்குப் போர்வை போத்தித் தாலாட்டும் பாடுவியா?” என்றார் சூளைக்காரர்.

“வெயில்ல உன் வழுக்கையத் தொட்டுப் பாரு, தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். சூளைக்காரர் அன்றே பகையாளி.

மிராசுதாரர் பாதி நிலத்தை மட்டும் வாராமல் விடச் சம்மதித்தார். சவரிமுத்துவோ ஆர்வம் மிஞ்சி, வெளிச் சருகையும் கொண்டுவந்து முழங்கால் உயரம் பரப்பினார். மழைக்குப் பின் அடியில் முளைகள் மஞ்சளித்து அழுகின. ஊர் கைகொட்டியது. “கனமா போட்டது என் தப்புதான். போட்டதே தப்புன்னு எவனும் சொல்லாத!” என்றார். மறு ஆண்டிலிருந்து விழுந்ததை விழுந்தபடி விட்டார். மண் இடையிடையே தெரியும்படி, திரண்ட இடத்தை மட்டும் கலைத்தார். அந்தப் பாதி மாடு மேய்ந்த பின்னும் மீண்டும் தழைத்தது. வாரிய பாதியில் மழைநீர் நிற்காமல் ஓடியது. ஒரு மேய்ச்சலோடு சொட்டையாகிவிட்டது.

கண்ணால் பார்த்தும் ஊர் ஒப்பவில்லை. காரணம் அவர் வாய். “நயமா பேசுங்க அண்ணாத்தே. மூஞ்சியச் சுளிச்சிக்கினு வித்தா நல்ல சரக்கையும் யாரு வாங்குவா?” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

“நான் இன்னா உன்ன மாதிரி யாவாரியா நைனா?” என்பார். என் ஆற்றாமை அதுதான்.

அடக்கத்துக்கு வந்த சூளைக்காரர், “நல்ல மனுசன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்லறை வாசலிலேயே மிராசுதாரரின் கணக்கப்பிள்ளை அவரிடம், “அந்தப் பாதியையும் வாரிக்கலாம் இல்ல? தடுக்கத்தான் இப்ப ஆளு இல்லியே” என்றார்.

குரல் உயர்த்தி ஒருவரிடமும் பேசியறியாத நான், இடம் பாராமல் கத்தினேன். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கணக்கப்பிள்ளையின் முகம் கடுத்தது.

நாளைக் காலை கூடையும் துடைப்பமுமாக ஆட்கள் வருகிறார்களாம். வரப்பில் நான் நிற்பேன். நிலம் தப்புமா, தெரியாது. போய் வாருங்கள், அண்ணாத்தே. நயமாகப் பேசச் சொன்னவனையே கத்த வைத்துவிட்டீர்கள்.