போர் எவ்வளவு?

கெங்கவல்லியில் என் சோளக்காட்டைக் காட்டுப்பன்றிகள் அழித்தன. உரிமம் பெற்று, மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கி வாங்க மைத்துனரோடு சேலம் சென்றேன். ஓசையால் விரட்டினால் போதும், எவ்வுயிரும் மாளக்கூடாது என்பதே என் எண்ணம்.

“போர் எவ்வளவுங்க?” எனக் குழலின் துளையளவைக் கேட்டார் கடைக்காரர்.

ஆழ்துளைக் கிணற்று வண்டி வைத்திருக்கும் மைத்துனர் முந்திக்கொண்டார்: “ஆறரை இஞ்சிங்க!”

“பன்னி சுடவா, தண்ணி எடுக்கவாங்க?”

சிரித்தோம். கடைக்காரர் இரு குழல்களை எடுத்து வைத்தார்.

“சின்னதுன்னா பன்னி காயத்தோட ஆளு மேல பாயுமுங்க. பெருசுன்னா அங்கயே உழுந்துரும்.”

“வெறும் மருந்து மட்டும் வெடித்தால்?” என்றேன்.

“ரெண்டு நாள்ல பன்னிக்குச் சத்தம் பழகிருமுங்க சாமி.”

காயம்பட்ட பன்றி என் காட்டில் களையெடுக்கும் பெண்கள்மேல் பாய்வதை நினைத்துப் பார்த்தேன். பெரியதைக் காட்டினேன். தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார்; கை எழவில்லை.