எதிரே வந்து விலகிப்போன விளக்குகள்

எதிரில் வருகிற வண்டி நெருங்கவேயில்லை என்றால் யாருக்கும் பேய் நினைப்புதான் வரும். மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்த எனக்கும் வந்தது.

ஐப்பசித் தூறல். கட்டுமாவடியிலிருந்து ஜெகதாப்பட்டினம் பக்கம் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம், நானும் டிரைவர் செல்வராசும். இன்னும் முழுசாக இருட்டவில்லை. கடலும் ரோடும் ஒரே சாம்பல் நிறம். எங்கள் பக்கத்திலேயே, நேர் எதிரே, வெள்ளை விளக்குகள். எண்ணினேன், இரண்டு. செல்வராசு ஹாரன் அடித்தார். அவை விலகவில்லை. நாங்கள் வேகத்தைக் குறைத்தால் சிறிதாயின.

“சார், எதிர்ல வர்ற வண்டி பின்னாடியே போவுது சார்.”

“ரிவர்ஸ்ல போறானா?”

“இம்புட்டு வேகத்துல எவன் சார் ரிவர்ஸ் போவான்? இந்த ரோட்டுல ஒண்ணு திரியுதுன்னு டீக்கடையில பேசிக்கிட்டாங்க. சொன்னா நீங்க வைவீங்கன்னு சொல்லல.”

அப்போது இரண்டும் சட்டென்று பளீரென்றன, எங்கள் மேல் பாய வருபவை போல. செல்வராசு ஸ்டியரிங்கை ஒடிக்க, ஜீப் மணலில் இறங்கிக் கருவேல மரத்தை ஒட்டி நின்றது.

முன்னால் நின்றது ஒரு மீன் வண்டி. ஆடுகள் குறுக்கே வந்ததால் பிரேக் பிடித்திருக்கிறது. ஓட்டிவந்த முருகேசன் என்பவர் இறங்கி ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது.

“நீங்களும் எறங்கிட்டீங்களா? எம் பின்னாடி வர்றவுக எல்லாம் இப்புடித்தான் சார் பள்ளத்துல விழுறாக. வண்டி மேல என்னமோ உக்காந்திருக்கு. போன வாரம் ஒரு கொத்தனாரு டூவீலரோட விழுந்து கால் ஒடிஞ்சுபோச்சு. வண்டிய வித்துட்டுப் பழையபடி போட்டுக்கே போறேன்னா, கடல்ல சிலோன் நேவிக்காரங்க பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு வீட்டுல அழுவுறா.”

வண்டியின் பின்னால் ஏழு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். கோளாறு அதற்குக் கீழே இருந்தது.

பின்விளக்கும் பக்கவிளக்கும் சேர்ந்த பெட்டி, மூலைக்கு ஒன்று. பெட்டி ஒன்று என்பதால் விதியும் ஒன்று என்று நினைக்கக் கூடாது. ஒவ்வொரு விளக்கும் தன் விதிக்குத் தனியாகக் கட்டுப்பட வேண்டும். பின்னால் தெரிவது சிவப்பு. பக்கத்தில் ஆம்பர் என்கிற ஆரஞ்சு மஞ்சள், பின்விளக்கோடு சேர்ந்த கடைசிப் பக்கவிளக்கு மட்டும் சிவப்பாகவும் இருக்கலாம். நம்பர் பிளேட்டுக்கு வெள்ளை, அதுவும் பிளேட்டின் மேல் மட்டுமே விழ வேண்டும். அது போக ரிவர்ஸ் விளக்கு ஒன்றுதான் பின்னால் வெள்ளையாக இருக்கலாம். இவர் வண்டியிலோ பின்பக்கம் இரண்டும் வெள்ளை, பிரேக்குக்கும் அதே கண்ணாடி. பக்கவாட்டில் இடது சிவப்பு, வலது பச்சை.

“யாரு மாட்டுனது?”

“எங்க போட் எலக்ட்ரீசியன்தான் சார். சரியாத்தானே இருக்கு? எடது செவப்பு, வலது பச்சை, பின்னாடி வெள்ளை.”

கடலில் அதுதான் சட்டம். வெள்ளை மட்டும் தெரிந்தால் அந்தப் படகு விலகிப் போகிறது என்று பொருள்.

செல்வராசை மீன் வண்டியை மெதுவாக ஓட்டிப் போகச் சொல்லிவிட்டு, முருகேசனோடு ரோட்டோரம் நின்றேன்.

“பாருங்க. வருதா, போவுதா?”

“போவுது சார்.”

எனக்கு அது வந்துகொண்டிருந்தது. தோளோடு தோள் நின்று பார்க்கிறோம். ஒரே விளக்கு அவருக்குப் போகிறது, எனக்கு வருகிறது. எனக்கு உடம்பு சிலிர்த்தது அப்போதுதான். பேயாக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும்.

“ரோட்டுல வெள்ளைன்னா முகம், முருகேசன். செவப்புதான் முதுகு. ஒங்க வண்டி பின்னாடி வர்ற எல்லாருக்கும் முகத்தைக் காட்டிக்கிட்டே ஓடுது.”

அவர் ஈர ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். “அப்ப அந்தக் கொத்தனாரு...”

கைகொடுத்து எழுப்பிவிட்டேன்.

செல்வராசு திருப்பிக் கொண்டுவந்த வண்டியை அங்கேயே ஓரங்கட்டி நிறுத்த வைத்தேன். மறுநாள் விடிந்ததும் முருகேசன் கண்ணாடிகளை மாற்றினார். பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்த பிறகுதான் எடுக்க விட்டேன். அங்கிருந்து நேராகக் கொத்தனார் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். கட்டிலில் கிடந்தவர், “சத்தமே இல்லாம நேரா என் மேல வந்துச்சுண்ணே” என்றார்.

“அது வரல தம்பி,” என்றார் முருகேசன். “நான் போயிக்கிட்டு இருந்தேன்.”

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். விளக்கு எரிகிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். பின்னால் தள்ளிப் போய் நின்று, அந்த வண்டி போகிறதா வருகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் நிற்கிறவரிடமும் கேளுங்கள்.