பதினாலு கன்ட்ரோலருக்கு ஒரு ஜோடிக் கம்பி

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், பழக்கிடங்கில் ஆறு வருடம் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டினாள். வாய் திறக்காததால் மௌனசாமி என்று பெயர். கண் மட்டும் சும்மா இருக்காது. ஒயர்மேன்களைப் பார்த்துப் பார்த்தே அந்த வேலை அவள் கைக்குப் படிந்துவிட்டது. அக்காவின் கணவர் அங்கே சூப்பர்வைசர். அவர் சொல்லித்தான் அவளை ஒயரிங்குக்கு மாற்றினார்கள். அதைத் தினம் ஒருமுறை சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

கிடங்கில் பதினாலு குளிர் அறைகள், அறைக்கு ஒரு கன்ட்ரோலர். முறுக்கிய இரண்டு கம்பிகள், முதல் அறையை ஒட்டிய அலுவலகத்தில் உள்ள கணினியிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு கன்ட்ரோலரையும் தொட்டுக்கொண்டு ஒரே வரிசையாகப் போகின்றன. அந்தக் கம்பியில் பேசவும் கேட்கவும் கன்ட்ரோலருக்குள் ஒரு சில்லு உண்டு. கம்பி முழுவதும் அவள் இழுத்தது. திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்தபோது மூன்று அறைகளின் வெப்பநிலை மட்டும் திரையில் வந்தது.

"சாயங்காலத்துக்குள்ள வரலைன்னா கேபிளைப் பிரிச்சுட்டு வெளியாளைக் கூப்பிடுவோம். நீ பழையபடி லேபிள் ஒட்டப் போம்மா," என்றார் இன்ஜினியர்.

"வாயே பேசாதவ கம்பியை எப்படி சார் பேச வைப்பா?" என்றார் அத்தான்.

அவள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு கம்பிக்கும் குறுக்கே மீட்டரை வைத்தாள். அறுபது ஓம் காட்ட வேண்டியது ஒன்பது காட்டியது. கன்ட்ரோலர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு மின்தடையும் அதற்கு நகமளவு சுவிட்சும் இருக்கும். வரிசையின் இரண்டு முனைகளில் மட்டுமே அதைப் போட வேண்டும். அவள் அப்படித்தான் விட்டுப் போயிருந்தாள். இப்போது பதினாலிலும் போட்டிருந்தது. அத்தனை சுமையில் சில்லுகளின் குரல் பாதி வழியிலேயே அமுங்கிப்போயிருந்தது.

நடுவில் இருந்த பன்னிரண்டு சுவிட்சுகளையும் அணைத்தாள். மின்சாரம் வந்ததும் பதினாலு எண்களும் திரையில் நின்றன.

"யாரும்மா எல்லாத்தையும் போட்டது?" என்றார் கூடவே நின்று பார்த்த இன்ஜினியர்.

அத்தான் கூரையைப் பார்த்தார்.

"நான் போட்டது ரெண்டுதான் சார்," என்றாள்.

இன்ஜினியர் அத்தான் பக்கம் திரும்பினார்.

"இல்ல சார், ரெண்டு போட்டா நல்லதுன்னா, பதினாலு போட்டா இன்னும் நல்லதுதானேன்னு..."

"அப்ப குழம்புக்கும் உப்பை அப்படித்தான் போடுவீங்களா?" என்ற இன்ஜினியர் அவளிடம், "அடுத்த கட்டடத்துக்கும் நீயே கம்பி இழும்மா," என்றார்.

நடையில் அத்தான் அவளை நிறுத்தினார். "உங்க அக்காகிட்ட இதைச் சொல்லிக்கிட்டு இருக்காதே."

"சொல்லல அத்தான். இனிமே நான் மூடி வெச்சதைத் திறக்காதீங்க."