கறுப்பு வெள்ளையில் அவள் சிரிக்கவில்லை

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே பட்டப்பெயர் மைக்கு. தெருமுனையில் நின்று அவள் "அம்மா" என்றால் அடுக்களையில் பாத்திரம் அதிரும். அந்தத் தொண்டையை வைத்தே பிழைத்துக்கொண்டாள். பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலை. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது, எல்லாம் அவள் வாயால்தான் ஊருக்குத் தெரியவரும்.

அந்தக் குரலைக் கேட்டுத்தான் பார்வையற்றோர் சங்கத்தினர் அவளைக் கூப்பிட்டார்கள். அவர்கள் மாதம் ஒரு படம் போடுவார்கள். ஹாலின் பின்பக்கம் பலகையடித்து முன்னால் கண்ணாடி வைத்த ஒரு சின்னக் கூண்டு, உள்ளே சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் பழைய கம்பளிகள். அதற்குள் உட்கார்ந்து திரையில் நடப்பதை அவள் மைக்கில் சொல்வாள். கேட்பவர்கள் காதில் ஹெட்போன். வசனம் வரும்போது வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும். 'அவன் வருத்தப்படுகிறான்' என்று சொன்னால் சங்கத்தில் சண்டைக்கு வந்துவிடுவார்கள். 'தலையைக் குனிகிறான்' என்று சொல்லு, வருத்தமா வயிற்றுவலியா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள்.

இப்படிக் கறாராகப் பேசிச் சம்பாதித்தவள் தன் வீட்டில் ஒரே ஒரு பொய் சொன்னாள். அதுதான் வினையாய்ப் போனது.

அவள் புருஷன் லாரி டிரைவர். வாரக்கணக்கில் வெளியூர் போய்விட்டு வருகிற மனிதர், நல்ல கலகலப்பான ஆள். திடீரென்று கண்ணில் அழுத்தம் என்று பார்வை மங்கிக்கொண்டே வந்தது. இனிமேல் திரும்பாது என்று டாக்டர் என் தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இவள் வெளியே வந்து, சொட்டு மருந்து விட்டால் சரியாகிவிடுமாம் என்று புருஷனிடம் சொன்னாள். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டாள். அவரும் நம்பி, தினமும் காலையில் ஜன்னல் பக்கம் கையை நீட்டி விரல் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு புது டாக்டர், யார் சொன்னது உங்களுக்கு, இது அப்போதே முடிந்துபோன கதையாயிற்றே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நிம்மதி போச்சு. அவர் கத்தவில்லை, திட்டவில்லை. அவள் சொல்வது எதையும் நம்பவில்லை, அவ்வளவுதான். குழம்பு ஆறிவிட்டது என்பாள். அவர் விரலை விட்டுப் பார்ப்பார். இன்னும் ஒரு படி இருக்கிறது என்பாள். காலால் துழாவித்தான் இறங்குவார். வெயில் அடிக்கிறது என்றால் கையை வெளியே நீட்டுவார். வாசலைத் தாண்டி வெளியே போவதையே விட்டுவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே ரத்தம் கொதிக்கும். கட்டின பெண்டாட்டியை இப்படியா சோதிப்பது?

ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு முந்தின வாரம் என்னிடம் ஒன்று சொன்னார். தன் தம்பி வீட்டுக்கே போய்விடப் போகிறாராம். விடுமுறைக்கு மறுநாள் தம்பி கார் கொண்டுவருகிறானாம், பெட்டி கட்டியாகிவிட்டதாம். என் தங்கைக்கும் தெரியுமாம். கெஞ்சினேன், கொஞ்சம் திட்டவும் செய்தேன். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்.

"சங்கத்துல லீவுக்குக் கறுப்பு வெள்ளைப் படம் போட்டா வரேன் அக்கா. அது நான் பார்த்துப் பார்த்துத் தேஞ்ச படம். அவ சொல்றதும் எனக்குத் தெரிஞ்சதும் ஒண்ணா இருக்கான்னு பார்க்கிறேன். எங்கயாவது எனக்காக மாத்திச் சொன்னான்னா, அங்கேயே எழுந்து வந்துடுவேன்."

அந்தப் படத்தின் கதையைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குப் புரியாது. பள்ளிப் பாடத்தில் வந்த கதைதான். விடுமுறை நாளில் ஒரு தாய் கோபித்துக்கொண்டு போன மகனுக்காக வருஷா வருஷம் ஒரு தட்டில் சாப்பாடு எடுத்து வைக்கிறாள். யார் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். கடைசியாக மறுபடியும் தட்டும் சத்தம். தாய் கதவைத் திறந்தாள் என்று கதை முடிந்துவிடும். திறந்ததும் அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதினவர் சொல்லவில்லை. படம் எடுத்தவர்கள் அவரவர் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டார்கள். முதலில் கறுப்பு வெள்ளை, பிறகு பாட்டும் அழுகையுமாகக் கலர், அதற்கப்புறம் நாய் பேசுகிற பொம்மைப் படம்.

சங்கத்தில் எது நல்ல படம் என்று வருஷா வருஷம் அடிதடி. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்த ஒரு அம்மாள் கலர்தான் வேண்டும் என்பார், பாட்டுக்காக. பியானோ சுருதி சேர்க்கும் ஒருவர் கறுப்பு வெள்ளைக் கட்சி. அதில் கதவு திறக்கும் சத்தம் ஒன்று போதும், மற்றதெல்லாம் தகர டப்பா என்பார். பிள்ளை குட்டி உள்ளவர்கள் பொம்மைப் படம். கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். இந்த முறை நான் வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தேன். டெலிபோன் அம்மாளிடம் என் வாய் ஜாலம் பலிக்கவில்லை. ஆனாலும் கறுப்பு வெள்ளை ஜெயித்தது.

அவர் போட்ட நிபந்தனையைத் தங்கையிடம் சொல்லியிருந்தேன். படத்துக்கு இரண்டு நாள் முன்னால் என் வீட்டில் உட்கார்ந்து தங்கை அதை ஓட்டிப் பார்த்தாள். எங்கே இடைவெளி வருகிறது, எதைச் சொல்லலாம் என்று பழகிக்கொள்வது அவள் வழக்கம். கடைசிக் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். அவள் முகம் செத்திருந்தது.

"அக்கா, இவ சிரிக்கல."

அவள் புருஷன் அந்தக் கடைசிக் காட்சியை நடித்துக் காட்டாத நாள் கிடையாது. தாய் கதவைத் திறக்கிறாள், மகனைப் பார்க்கிறாள், முகம் முழுக்கச் சிரிக்கிறாள், அதுதான்டா நடிப்பு என்பார். மகள் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கூடச் சொல்லியிருக்கிறார். ஆனால் சிரிப்பது கலர் படத்துத் தாய். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார் மனுஷன். கறுப்பு வெள்ளையில் தாய் மகனைப் பார்த்ததும் திரும்பி மேஜையைப் பார்க்கிறாள். எடுத்து வைத்த சாப்பாட்டைச் சற்று முன்தான் யாரோ ஒரு வழிப்போக்கனுக்குப் போட்டுவிட்டாள். தட்டு காலி. அவள் கை வாய்க்குப் போகிறது. அந்த முகத்தில் இருப்பது பயம்.

சிரித்தாள் என்றே சொல்லிவிட்டுப் போயேன், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்கு அதுதான் சரியென்று பட்டது. உள்ளதைச் சொன்னால் மாற்றிச் சொல்கிறாள் என்று எழுந்து போய்விடுவார். பொய் சொன்னால் கூடவே இருப்பார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவள் திரும்ப ஓட்டி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறை நாள் மத்தியானம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஹால் வாசல் படிகளில் ஒவ்வொன்றையும் செருப்பால் தட்டிப் பார்த்து ஏறினார். பின்னால் வந்தவர்களெல்லாம், அவர்களும் பார்வை இல்லாதவர்கள்தான், விறுவிறுவென்று தாண்டிப் போனார்கள். அவருக்கு ஒரு ஹெட்போன் மாட்டி, எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

படம் ஓடியது. அவள் குரல் காதுக்குள் நிதானமாக வந்தது. தெருவிளக்கு எரிகிறது என்றாள். ஆமா என்று தலையசைத்தார். தாய் தட்டைத் துடைக்கிறாள், ஆமா. வழிப்போக்கனுக்குத் தொப்பி இல்லை. சரிதான் என்று முணுமுணுத்தார். நன்றாக நம்பிக்கொண்டே வருகிறாரே, கடைசியில் என்ன ஆகுமோ என்று தவித்தேன். பாவி, சிரித்தாள் என்று சொல்லித் தொலைத்துவிடு என்று கூண்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் அவள் தலை மட்டும் தெரிந்தது.

கதவு தட்டும் சத்தம். தாழ்ப்பாள். பியானோக்காரர் சொன்ன அந்தக் கதவுச் சத்தம். பிறகு ஹால் முழுக்க அமைதி. இசைகூடக் கிடையாது. ஹெட்போனில் அவள் மூச்சு இழுப்பது கேட்டது.

"கதவைத் திறக்கிறாள். மகன் நிற்கிறான். அவள் சிரிக்கவில்லை. திரும்பி மேஜையைப் பார்க்கிறாள். தட்டு காலியாக இருக்கிறது. வாயைப் பொத்திக்கொள்கிறாள்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். ஹெட்போன் கம்பி இழுபட்டு நாற்காலி சத்தம் போட்டது. பின்வரிசையில் உஷ் என்றார்கள். அவர் குனிந்து என் தோளைத் தேடிப் பிடித்தார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க. சிரிச்சாளா இல்லையா?"

இல்லை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. நான் சொல்லி அவர் நம்பினால், நாளைக்குக் குழம்பு ஆறிவிட்டதா என்பதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்.

"என்னைக் கேட்காதீங்க தம்பி. சொன்னது உங்க பொண்டாட்டி. நம்பினா உட்காருங்க, நம்பலன்னா கிளம்புங்க."

நின்றுகொண்டே இருந்தார். திரையில் மகன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் தங்கை அதையும் சொன்னாள். கூண்டுக்குள்ளிருந்து அவளுக்கு அவர் நிற்பது நன்றாகத் தெரிந்திருக்கும்.

"சிரிப்பான்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கிறது அவளுக்குத் தெரியும்தானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியாம? இத்தனை வருஷமா வீட்டுல அதைத்தானே நடிச்சுக் காட்டுறீங்க."

"தெரிஞ்சேதான் இப்படிச் சொல்றாளா?"

அவர் ஹெட்போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். படம் முடிகிற வரை ஆமா என்று ஒருமுறைகூடத் தலையசைக்கவில்லை. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

எல்லோரும் போன பிறகு என் தங்கை கூண்டிலிருந்து வந்தாள். கிட்டே வரப் பயந்து ஒரு வரிசை தள்ளியே நின்றாள். காலடிச் சத்தத்தை வைத்து அவர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"அப்போ சிரிச்சது யாரு?"

"அது கலர் படத்துலங்க" என்றாள். பிறகு, "அப்புறம் நம்ம வீட்டு வாசல்ல நான். நீங்க லாரி விட்டு வரும்போதெல்லாம்."

அவர் என் பக்கம் திரும்பி, தம்பிக்குப் போன் போட்டு நாளைக்கு வர வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னார். நான் போனை எடுக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

வாசலில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் படியிறங்கினார்கள். கடைசிப் படிக்கு முன் அவர் நின்றார். இன்னும் ஒன்று இருக்கிறது என்றாள். அவர் துழாவவில்லை. காலைத் தூக்கி அப்படியே கீழே வைத்தார்.