கமீன்ஸ்காவும் என் கணக்கு நோட்டும்

நான் நாலாவது படித்தபோது எங்கள் மாடி அறைக்கு வாடகைக்கு வந்த போலந்துக்காரப் பெண்மணியிடம் முதல் நாளே கேட்டுவிட்டேன்: உங்கள் பேரின் வாலில் இந்தக் கமீன்ஸ்கா எதற்கு? கேட்காமல் இருக்க எனக்கு வராது, இப்போதும்.

அது குடும்பப் பெயராம். அவர்கள் மொழியில் கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கல்லின் பேரைக் கொண்ட ஏதோ ஓர் ஊர்க்காரர்கள் என்று பொருள். ஆண்கள் கமீன்ஸ்கி, பெண்கள் கமீன்ஸ்கா. அவருக்கும் அதுதான், அவருடைய அம்மாவுக்கும் அதுதான்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மலையையே சாமி என்று சுற்றி வருகிற ஊர் எங்களுடையது! நான்கு நான்கு படியாகத் தாவி இறங்கி, "நாமளும் கமீன்ஸ்காதாம்மா!" என்று கத்தினேன். சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்த அம்மா, "அது யாருடி?" என்றாள்.

இன்னொன்றை நானாகவே கண்டுபிடித்திருந்தேன். போலந்தில் பேர் அம்மாவிடமிருந்து பெண்ணுக்குப் போகிறது! எங்கள் வீட்டிலோ வாசல் பலகை, கரண்ட் பில், ஆட்டோவின் முதுகு, எல்லாவற்றிலும் அப்பா பேர்தான். என் இனிஷியலும் அவருடையதே. பாதி எழுதியிருந்த கணக்கு நோட்டில் புது லேபிள் ஒட்டி, அம்மா பேரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டேன்.

"அடிப்பாவி, அப்ப இந்த வீட்ல நான் வெறும் டிரைவரா?" என்றார் அப்பா.

"சும்மா இருங்க. கொழந்த ஏதோ எழுதிட்டா" என்றாள் அம்மா. ஆனால் லேபிளை இரண்டு முறை பார்த்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் சிரிக்கவில்லை. "ரெஜிஸ்டர்ல இருக்கிற மாதிரிதான் எழுதணும். நாளைக்குள்ள லேபிள கிழிச்சுட்டு வா. இல்லன்னா நோட்டத் திருத்த மாட்டேன்."

முடியவே முடியாது என்று அன்று சாயங்காலம் வீட்டில் அடம்பிடித்தேன். அப்பா சமாதானம் பேசிக்கொண்டே லேபிளின் ஓரத்தில் நகத்தை வைத்தார். அம்மா வெடுக்கென்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அத யாரும் கிழிக்க வேணாம். போய் புது நோட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க."

புது நோட்டில் அப்பாவின் இனிஷியல் ஏறியது. பழைய கணக்கு அத்தனையையும் அதில் திரும்ப எழுதச் சொன்னாள் அம்மா. நாற்பது பக்கம்!

போலந்திலும் பேர் பெரும்பாலும் அப்பா வழியாகத்தான் வருகிறது என்பதை வளர்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். போகட்டும். இன்று என் கையெழுத்தில் இரண்டு இனிஷியல்கள் இருக்கின்றன, அம்மாவுடையது முன்னால். யாராவது ஏன் என்று கேட்டால் கமீன்ஸ்காவிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொல்லாமல் விடமாட்டேன்.

அன்றைக்கோ மூக்கை உறிஞ்சியபடி பதினேழாம் வாய்ப்பாட்டுக் கணக்கில் இருந்தேன். நிமிர்ந்தபோது அம்மா பீரோவைத் திறந்து, அந்தப் பழைய நோட்டைத் தன் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. செய்த தப்பை ஆயுசுக்கும் சொல்லிக்காட்டத்தான் பத்திரப்படுத்துகிறாள் என்று நினைத்தேன்.